எண்ணி முடிக்கும் வரை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு வாந்தி ஒருவழியாக நின்றதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. "எல்லாரும் சௌக்கியம்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடாதே.

போனில் நான் பேசினால் மூச்சு மட்டும்தான் கேட்கிறது என்று கிண்டல் செய்தாயே, இங்கே அதற்கும் வழியில்லை. நான் தங்கியிருக்கிற விடுதியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் படியின் உச்சியில்தான். அங்கே ஏறி நின்று "ம்... ம்..." என்பதற்குக் கடிதம் எவ்வளவோ மேல். எழுத்தில் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற மனநல மையத்தில் என் அறை மாடியில் கடைசி. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், சுவர்க் கடிகாரம், கதவைக் காலால் உதைத்தால்தான் பூட்டு விழுகிற இரும்பு பீரோ. பீரோவுக்குள் சோதனைப் பெட்டி. வண்ணக் கட்டைகள், படங்கள், கேள்விப் புத்தகம், ஸ்டாப்வாட்ச். கதவில் "மருத்துவ உளவியலாளர்" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ வந்து "இது உன் ரூம் இல்லைம்மா, எந்திரி" என்று சொல்லப்போவது போலவே இருக்கிறது.

இங்கே வருகிறவர்கள் பல மாதிரி. தோட்ட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள், எல்லை தாண்டி வந்து தங்கிவிட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே மேலே மலைக்குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள். நான்கு மொழி காதில் விழுகிறது. எல்லாருக்கும் பெட்டி மட்டும் ஒன்றுதான். எங்கள் தலைவியை எல்லாரும் பெரிய மேடம் என்கிறார்கள். கண்டிப்பானவர். ஆனால் நான் திக்கினால் காத்திருப்பார். வாசலில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புகிறவர் வாசலக்கா. மேல்குடியிருப்புக்காரர்.

அடுத்த வாரம் என் முதல் தனிக் கேஸ். ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்பதால் கேள்விப் புத்தகத்தைத் தினமும் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். அண்ணியை அதிக நேரம் நிற்க விடாதே.

உன் தங்கை


ஜனவரி 21

அடியே ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுவது. தனித்தனியாகக் கேட்டாயே, இந்தா வாங்கிக்கொள். அம்மா முழங்கால்: வலது பரவாயில்லை, இடது புகார் சொல்கிறது. அண்ணி வாந்தி: நின்றுவிட்டது, இப்போது என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுகிறாள். நான்: கண்ணாடி மாற்றச் சொல்கிறார்கள், மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி மெலிசாகத் தெரிகிறது.

உள்ளே இருக்கிற ஆள் இப்போதே உதைக்கிறது. உன் அண்ணி வேலைக்குப் போகிற கடையில் ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்றால் அந்தச் சத்தத்துக்கு உதைக்கிறதாம். என் கடைக்கு வந்து மோட்டார் ஓடினால் அடங்கிவிடுகிறது. "நம்ம தொழிலுக்குத்தான் வரும்" என்றேன். "வேணாம்பா, அத்தை மாதிரி மாடியில உக்காந்து கேள்வி கேக்கட்டும்" என்கிறாள்.

கூடத்து உத்தரத்தில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி அடித்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில்தான் தேதி. இருந்தாலும் நான் தொங்கிப் பார்த்தாயிற்று, தாங்குகிறது. அம்மா பார்த்துவிட்டு, "அப்பன் தொங்குறதுக்கா கொக்கி?" என்று திட்டினாள்.

பலகையில் உன் பெயர் இருந்தால் அது உன் ரூம்தான். யாராவது எழுப்பினால் எனக்கு எழுது, ஸ்பேனரோடு வருகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை. நீ கண்ணாடி மாற்றினாயா?

முதல் கேஸ் முடிந்தது. சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். மேல்குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர். கல் அடுக்கிச் சுவர் கட்டுகிற வேலை. மனைவி போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தை வகுப்பில் கேட்டதற்கு வாய் திறப்பதில்லை என்று பள்ளியிலிருந்து புகார் போனது. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து அதிகாரி வந்து இவரிடம் காரணம் கேட்டிருக்கிறார். இவரும் வாய் திறக்கவில்லை. அவளைக் குழந்தைகள் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். இவருக்கு வளர்க்கத் தகுதியான அறிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னிடம் அனுப்பினார்கள். இல்லை என்று நான் எழுதினால் குழந்தை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

நம் மொழியை நன்றாகவே பேசுகிறார். என்ன கிழமை, எந்த மாதம் என்றெல்லாம் கேட்டால் டக்கென்று சொன்னார். அதற்குப் பிறகு யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் முப்பது வினாடி. "தெருவில் ஒரு குழந்தை தனியாக நின்று அழுகிறது, என்ன செய்வீர்கள்?" இந்த மாதிரி. அண்ணா, ஒன்றுக்குக்கூட அவர் பதில் சொல்லவில்லை. மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துப் பார்த்துச் சுழியம் போட்டேன். பதினொரு சுழியம். அந்தக் குழந்தைக் கேள்விக்குச் சுழியம் போடும்போது எனக்குக் கை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மீதிச் சோதனைக்கு வந்தார். நான் பெட்டியைத் திறக்கும் முன்னே அவராகப் பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். புகை, பாதை, ஆற்றுத் தண்ணீர் என்று எதை எதையோ சொன்னார். நிறுத்தச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கடைசியில் அந்தத் தாளின் தலையில் "தொடர்பில்லாத பேச்சு" என்று குறித்தேன்.

அறிக்கை போய்விட்டது. "சுத்தமா இருக்கு, முதல் அறிக்கை மாதிரியே இல்ல" என்று பெரிய மேடம் பாராட்டினார். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணிக்கு என் முத்தம். உள்ளே இருப்பவருக்கும்.

உன் தங்கை


பிப்ரவரி 25

தங்கச்சி,

இங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடி மாற்றிவிட்டேன். இப்போது கம்பி மட்டுமில்லை, கடையிலிருக்கிற தூசியும் தெரிகிறது.

அண்ணிக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. டாக்டரம்மா ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார். ஜெராக்ஸ் கடைக்கு லீவு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என் பில் புத்தகத்தையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறாள். எனக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

பெயர் வைக்கிற சண்டை தொடங்கிவிட்டது. அம்மா ஒன்று, அவள் ஒன்று. நான் மோட்டாருக்குள் சுழல்கிற பாகத்தின் பெயரை, "ஆர்மேச்சர்" என்றேன், ரெண்டு பேரும் கைக்குக் கிடைத்ததை எறிந்தார்கள். நீயும் ஒரு பெயர் அனுப்பு. அத்தை பங்கு.

அந்தச் சுவர் கட்டுகிறவர் விஷயம் எனக்குப் புரியவில்லை. படித்தவள் நீ. ஆனால் கை வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்கு ரெண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். அண்ணியின் கால் வீக்கம் வடிந்ததா? பெயர் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் எழுத மாட்டேன், நேரில் வந்து அதன் காதில் சொல்வேன்.

வேறு ஒரு கேஸுக்காகக் குழந்தைகள் விடுதிக்குப் போயிருந்தேன். அங்கே அந்தச் சிறுமியையும் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியா?" என்றேன். பதில் இல்லை. விடுதிக்காரம்மா, "இது இப்படித்தான், கல்லு" என்றார். நான் வேறு குழந்தைகளோடு பேசிவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் செருப்பு மாட்டும்போது பின்னால் ஒரு குரல்: "பாதிதான் சாப்பிட்டேன்."

வாசலக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேள்வி கேக்குறீங்க பாப்பா. கேட்டுட்டு உடனே கடிகாரத்தப் பாக்குறீங்க." அவ்வளவுதான், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா, சும்மா சொன்னாரா, தெரியவில்லை. அன்றிலிருந்து முள் மாதிரி குத்துகிறது.

உடனே எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 3

அண்ணா,

போன கடிதம் கிடைத்ததா? பதினெட்டு நாளாயிற்று. தொட்டிப் படி ஏறி நின்று போன் செய்தேன். "கையில மோட்டார் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அம்மாவும், "எல்லாம் அண்ணன் எழுதுவான்" என்கிறாள். என் மேல் கோபமா? பெயரைக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்றது விளையாட்டுக்கு. அண்ணிக்கு ஒன்பதாம் மாதம் ஆகியிருக்குமே, வலி ஏதாவது வந்ததா? ஒரு வரியாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

கோபமெல்லாம் இல்லை. வேலை அதிகம். அண்ணி அவங்க அம்மா வீட்டில் இருக்கிறாள். அம்மா முழங்கால் அப்படியே இருக்கிறது.

பதில் வராது என்று நினைக்காதே. மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது எதையாவது கேட்டால் நான் என்ன செய்வேன், உனக்குத் தெரியும். காது கேட்காமல் இல்லை. எண்ணி முடிக்க வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் சுற்று தவறிவிடும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

நீ எழுதிய நாலு வரி என்ன செய்திருக்கிறது தெரியுமா? முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் பிறகு.

சின்ன வயதில் நீ கம்பி சுற்றுகிற மேஜை பக்கத்தில் தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். மிஷினில் எண் காட்டுகிற முள் உடைந்திருந்ததால் வாயால் எண்ணுவோம். யாராவது வந்து "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால் நீ இடது கையைத் தூக்குவாய். அவர்கள் திட்டிக்கொண்டே நிற்பார்கள். எண்ணிக்கை முடிந்ததும், அவர்களே கேட்டதை மறந்த பிறகு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்பாய். உனக்குக் காது கேட்கவில்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் இதெல்லாம் ஞாபகம் வந்தது. "பாதிதான் சாப்பிட்டேன்" என்ற குரலும் கூடவே வந்தது.

ஓடிப்போய் பீரோவை உதைத்துத் திறந்தேன். சுவர் கட்டுகிறவரின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதினொரு கேள்விகள் உள்ள தாள் ஒன்று. அடுத்த வாரம் அவர் பேசிய "தொடர்பில்லாத பேச்சு" இன்னொன்று.

முதல் கேள்வி, பக்கத்து வீட்டில் புகை வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாம் தாளில் முதல் வரி: "முதல்ல ஆளை வெளிய கொண்டுவரணும். சாமான் அப்புறம்." இரண்டாவது, காட்டில் வழி தவறினால்? இரண்டாம் தாளில்: "தண்ணி போற பக்கமா நடக்கணும். இருட்டினா நடக்கக் கூடாது, நின்னுடணும்." அப்படியே பதினொன்றும், அண்ணா. வரிசை மாறாமல். ஒரு வாரம் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் யோசித்து, ஒன்று விடாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை வாங்கி, அதன் மேலேயே அப்படி எழுதியிருக்கிறேன் நான். ஒரு கேள்வியைக்கூட அவர் மறக்கவில்லை. கேட்டவள் மறந்துவிட்டாள்.

பதினொன்றாவதுதான் தெருவில் அழுகிற குழந்தை. அவர் சொன்னது இது: "பேர் என்னன்னு கேக்கக் கூடாது, பயந்துடும். பக்கத்துல போய் உக்காரணும். அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் நாமளும் பாக்கணும். அங்கதான் அதோட வீடு இருக்கும்."

இதைப் படித்துவிட்டு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாசலக்காவிடம் போய், "உங்க ஆளுங்க முக்கியமான கேள்விக்கு உடனே பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலையில் என் மேஜையில் சாவியை வைத்துவிட்டு, "ஆமா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் அவராகவே சொன்னார்: "பெரிய விஷயத்தக் கேட்டா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம். அங்கயே பட்டுன்னு சொன்னா, கேட்டவங்கள விரட்டுற மாதிரி."

பெரிய மேடத்திடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "முப்பது வினாடின்னா முப்பது வினாடிதான்மா. அதை நான் எழுதல. ஆளுக்கு ஒரு நேரம் கொடுக்க ஆரம்பிச்சா, நாளைக்கு நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் கூடுதலாக் கொடுப்போம். அதுக்காகத்தான் அந்த விதி" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பிறகு, "கையெழுத்துப் போட்ட அறிக்கையை நீயே திரும்ப வாங்கினா உன் ஃபைல்ல அது ஏறும். தகுதிகாண் காலத்துல இருக்க. யோசிச்சுக்கோ" என்றார். குழுவின் விசாரணை மே பதினான்கு. அறிக்கையைத் திரும்ப வாங்குவதென்றால் அங்கே நான் எழுந்து பேச வேண்டும். எட்டுப் பேர் முன்னால். நான்.

என்ன செய்யட்டும்? அண்ணி பிரசவத்துக்குத்தானே அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்? எனக்கு அந்த முகவரி அனுப்பு, நான் எழுதுகிறேன். வலி கண்டதும் தந்தி மாதிரி ஒரு வரி போடு.

உன் தங்கை


மே 6

தங்கச்சிக்கு,

அம்மா சௌக்கியம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணால் பார்த்ததைச் சொல். வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது. நடுங்கினால் மேஜையைப் பிடித்துக்கொள்.

அண்ணி முகவரிக்கு இப்போது எழுத வேண்டாம். நான் சொல்கிறேன்.

அந்தப் பதினொன்றாவது பதிலை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

அண்ணன்


மே 17

அன்புள்ள அண்ணா,

நான் நலம்.

குழு உட்காருவது ஒரு நீண்ட அறை. தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் அறிக்கையைப் புரட்டினார். நான் எழுந்து, "அது தப்பான அறிக்கை. நான்தான் எழுதினேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. தாள்களை நீட்டினேன். அவர்கள் வாங்கிப் பார்த்தார்கள், ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலைவர் நேராகச் சுவர் கட்டுகிறவரிடம் கேட்டார்: "பொண்ணு திரும்பி வந்தா, நீ வேலைக்குப் போற நேரத்துல யாரு பாத்துக்குவாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த உறுப்பினர், "பாருங்க, இந்தச் சாதாரணக் கேள்விக்கே..." என்று ஆரம்பித்தார்.

அண்ணா, என் இடது கை தானாக மேலே போய்விட்டது. உன் கை போவது போல. உறுப்பினர் பாதியில் நிறுத்திவிட்டார். "அவர் அதை எடுத்துட்டுப் போகட்டும் சார். மத்த கேஸைப் பாருங்க. கடைசியா இவரைக் கூப்பிடுங்க" என்றேன். தலைவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரி, அடுத்தவங்க வரட்டும்" என்றார்.

மூன்று மணி நேரம். வராண்டாவில் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று சொன்னார்: "ஏழு மணிக்கு எனக்கு வேலை. ஒம்பது மணிக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம். நடுவுல ரெண்டு மணி நேரம் ஆள் இல்ல. பள்ளிக்கூடத்துச் சுத்துச்சுவர் பின்பக்கம் சரிஞ்சு கெடக்கு. அதைக் கட்டித் தரேன்னு மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டேன். காலைல அவளையும் கூட்டிட்டுப் போயிடுவேன். அவ உள்ள, நான் வெளிய. மழைக்காலத்துல கல் வேலை இல்ல, நானே இருப்பேன். தலை பின்னத் தெரியாம இருந்துச்சு. கயித்துல பழகிட்டேன்." பையிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று பிரியாக, ஒரே சீராக, நுனிவரை பின்னியிருந்தது.

மூன்று மாதத்துக்குக் குழந்தையை அவரிடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை மையத்துக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் நேற்று அந்தச் சிறுமி விடுதியை விட்டுப் போகும்போது நான் பார்த்தேன். ஓடவில்லை, அழவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான்.

என் ஃபைலில் குறிப்பு ஏறிவிட்டது. தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். பெரிய மேடம் கையெழுத்துப் போடும்போது நிமிராமலே, "அந்த ரெண்டு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து என் டேபிள்ல வை" என்றார்.

இப்போது உன் முறை. தேதி தாண்டி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பையனா, பெண்ணா? ஏன் யாரும் சொல்லவில்லை?

உன் தங்கை


மே 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதறேன். உன் உடம்பு எப்படி இருக்கு? நான் இப்ப எழுந்து நடமாடறேன். நேத்துதான் நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்தேன். உன் கடிதம் டேபிள்ல பிரிச்சபடி இருந்துச்சு. இனிமேலும் உன்னைக் கேக்க வைக்கறது பாவம்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி திடீர்னு வலி வந்துச்சு. பொண்ணு. அழலை. உன் அண்ணன்தான் கையில வாங்கினார்.

உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எல்லார் வாயையும் அவர் கட்டிப்போட்டுட்டார். "அவளுக்கு அங்க புது வேலை, தகுதிகாண் காலம், தனியா இருக்கா, முடியட்டும்"னு. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். இங்க அந்தக் கொக்கியைப் பாக்க முடியலை. வாரா வாரம் அவர் வருவார். சாப்பிடு, அழாதே, எல்லாம் சரியாயிடும், இதைத்தான் சொல்லிட்டிருப்பார். எனக்கு எரிச்சலா வரும். ஒரு நாள் வராதீங்கன்னே சொல்லிட்டேன்.

இந்த மாசம் ஒரு நாள் வந்தவர் ஒண்ணுமே பேசலை. வாசப்படியில என் பக்கத்துல உக்காந்தார். நான் ரோட்டைப் பாத்துட்டிருந்தேன், அவரும் ரோட்டைப் பாத்தார். ரொம்ப நேரம். அவர் சட்டைப் பையில ஒரு தாள் தெரிஞ்சுது. எடுத்துப் படிச்சேன். யாரோ உன்கிட்டச் சொன்ன பதில்னு எழுதியிருந்துச்சு. அன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அவர் இன்னும் யார்கிட்டயும் வாய்விட்டுப் பேசலை. கடையில சுத்தும்போது எண்ணிக்கையை விட்டுடறார், மறுபடி முதல்லேர்ந்து எண்ணறார். இதுக்கு முன்னாடி நான் பாத்ததில்லை. கொக்கி அப்படியேதான் இருக்கு. கழட்டவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. உன் இஷ்டம்.

உன் அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை.

அண்ணி எழுதியிருந்தார். மார்ச்சிலிருந்து நான் உனக்கு எழுதியதையெல்லாம் மனதுக்குள் திரும்பப் படித்துப் பார்த்தேன். கேட்டுக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். எண்ணி முடிக்க வேண்டும் என்று நீ எழுதிய வரியை வைத்து ஒரு அந்நியரைப் புரிந்துகொண்டேன். அதை எழுதியது யார் என்று பார்க்கவில்லை.

நாலு நாள் லீவு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், கடைக்கே வந்துவிடுகிறேன். அந்தத் தகர டப்பா இருந்தால் எடுத்துப் போடு. நீ சுற்று, நான் எண்ணுகிறேன். எண்ணி முடிக்கும் வரை பேச மாட்டேன். முடிந்த பிறகும் நீயாகச் சொன்னால் சொல், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பும்போது சொல், அடுத்த வருடம் சொல். அவள் காதில் சொல்ல நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். அதுவும் அவசரமில்லை.

பெரிய மோட்டாராகப் பார்த்து ஒன்று எடுத்து வை, அண்ணா. சுற்று அதிகம் உள்ளதாக.

உன் தங்கை